கல் பாதையைச் சமன்செய்ய டிராக்டருக்குப் பின்னால் எதை மாட்டுவது?

மழை விட்ட மறுநாள் காலை. தோட்டத்துக்குள் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறீர்கள். தார்ச்சாலை முடிந்து கல் பாதை தொடங்கிய சில வினாடிகளில் காரின் அடியில் 'டம்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. பாதை முழுக்கப் பல்லாங்குழி!

இப்படிப்பட்ட பாதைகள் நம் ஊரில் ஏராளம். செம்பனைத் தோட்டம், பழத்தோட்டம், கம்போங் வீடு... எங்கே போனாலும் கடைசி அரை கிலோமீட்டர் செம்மண்ணும் கல்லும்தான். அதைப் பராமரிக்கப் பலர் சொந்தமாகவே ஒரு சின்ன டிராக்டர் வைத்திருக்கிறார்கள். சிக்கல், அதற்குப் பின்னால் எதை மாட்டுவது என்பதில்தான் வருகிறது.

சுங்கை சிப்புட் பக்கம் என் மாமாவுக்கு அந்தச் சிக்கல் வந்தது. "பாதைய சரிபண்ணுங்க, இல்லன்னா இனி உள்ள வரமாட்டேன்" என்று குலை ஏற்ற வரும் லோரிக்காரர் சொல்லிவிட்டார். செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பதுதான் நல்லது. தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடும், தரம் குறையும். மாமா பதறிப்போய், கிடைத்ததிலேயே விலை குறைந்த பிளேடு ஒன்றை வாங்கி மாட்டினார். மூன்றே மாதம். தகடு வில் மாதிரி வளைந்துவிட்டது. அடுத்ததை வாங்கும்போது துணைக்கு நானும் கடை கடையாக ஏறி இறங்கினேன். அப்போது கற்றுக்கொண்டதுதான் இங்கே.

முதலில், பாதை ஏன் கெடுகிறது?

லோரியின் எடைதான் காரணம் என்று நினைப்போம். உண்மையில் முதல் எதிரி தண்ணீர். நல்ல கல் பாதை நடுவில் கொஞ்சம் உயர்ந்து, இரு பக்கமும் சரிந்திருக்க வேண்டும். அந்தச் சரிவு ஏறக்குறைய 4 விழுக்காடு. பாதை 3 மீட்டர் அகலம் என்றால், நடுப்பகுதி ஓரத்தைவிட 6 சென்டிமீட்டர் உயரமாக இருக்கணும். அந்த மேடு தேய்ந்து தட்டையாகிவிட்டால் மழைநீர் ஓரத்துக்கு ஓடாது, சக்கரத் தடத்திலேயே தேங்கும். தேங்கிய இடம் ஊறும், ஊறிய இடத்தில் சக்கரம் ஏறும், குழி பிறக்கும்.

குழியில் ஒரு கூடை கல்லைக் கொட்டி மூடினால் போதாதா? போதாது. குழியின் அடிப்பகுதி இறுகி ஒரு கிண்ணம்போல ஆகியிருக்கும். மேலே கொட்டிய கல் அதோடு ஒட்டாது. இரண்டு மழைக்குள் கல் வெளியே, குழி மறுபடியும் உள்ளே. சரியான வழி, குழியின் அடி ஆழம்வரை சுற்றியுள்ள பரப்பையும் கிளறி, கலந்து, பிறகு பரப்பி இறுக்குவது. ஆகவே, நாம் வாங்கப்போகும் கருவிக்குக் கல்லைத் தள்ளத் தெரிந்தால் மட்டும் போதாது, இறுகிய மண்ணைக் கிளறவும் தெரியணும்.

கடையில் மூன்று வகை

மிக எளிமையானது ரியர் பிளேடு. தோட்டங்களில் 'பேக் புஷர்' என்றும் சொல்வார்கள். ஒரே ஒரு வளைந்த தகடு. அதை இடமாகவோ வலமாகவோ சாய்த்து வைத்து ஓட்டலாம் என்பதுதான் அதன் பலம். ஓரத்துக்கு ஒதுங்கிய கல்லை நடுவுக்கு இழுத்து மேடு கட்டவும், பக்கவாட்டு வாய்க்காலைச் சுத்தம் செய்யவும் இதுதான் கைகொடுக்கும். ஆனால் ஓட்டுபவருக்குப் பழக்கம் வேண்டும். டிராக்டரின் முன்சக்கரம் குழியில் இறங்கினால் பின்னால் உள்ள பிளேடு மேலே எழும்பும். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் பிளேடு மண்ணைக் குத்தும். பழகாத கை பிடித்தால், சமன்செய்யப் போன பாதையில் புதிதாக அலை அலையாக மேடுபள்ளம் வந்துவிடும். (என் முதல் முயற்சியைப் படம் எடுக்க நான் யாரையும் அனுமதிக்கவில்லை.)

இரண்டாவது பாக்ஸ் பிளேடு. மூன்று பக்கம் மூடிய பெட்டி, முன்னால் வரிசையாக ரிப்பர் பற்கள். பற்களை இறக்கினால் இறுகிய மண்ணைக் கிழிக்கும். ஏற்றிவிட்டால் பெட்டி கல்லை அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விடும். குழி நிறைந்த பாதைக்கு இது ரொம்பப் பொருத்தம். இதை ரியர் பிளேடு மாதிரி இடம் வலம் திருப்ப முடியாது. ஆனால் டிராக்டரின் ஒரு பக்கத் தூக்குக் கையைக் கொஞ்சம் இறக்கிச் சாய்வாக ஓட்டினால் நடுமேடு கட்டலாம்.

மூன்றாவது லேண்ட் பிளேன். இரு பக்கமும் நீளமான சறுக்குத் தகடுகள், நடுவில் முன்னும் பின்னுமாக இரண்டு வெட்டுப் பட்டைகள். சறுக்குத் தகடு நீளமாக இருப்பதால் சின்னக் குழிகளுக்கு மேல் பாலம் போட்டதுபோலப் போகும். மேட்டைச் சீவும், பள்ளத்தில் தானாகவே கல்லை விடும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு இதைவிடச் சுலபமானது இல்லை. ஆழமான குழிக்கு இது மட்டும் போதாது. பற்கள் பொருத்திய மாதிரி கிடைத்தால் நல்லது.

என் கருத்தைக் கேட்டால், பாதை ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் பாக்ஸ் பிளேடு. ஓரளவு நன்றாக இருக்கும் பாதையை அப்படியே காப்பாற்ற நினைத்தால் லேண்ட் பிளேன்.

எடைதான் எல்லாமே

மாமா ஏமாந்தது இங்கேதான். நீங்களும் ஏமாறலாம்.

மண்வாரி இயந்திரம் தன் கையை ஹைட்ராலிக் பலத்தால் கீழே அழுத்தும். பார்த்திருப்பீர்கள். டிராக்டரின் பின்பக்கத் தூக்குக் கைகளும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான டிராக்டர்களில் அவை தூக்க மட்டும்தான் செய்யும், அழுத்தாது. இறக்கிவிட்ட பிறகு கருவி தன் சொந்த எடையை நம்பித்தான் மண்ணுக்குள் இறங்கணும். மெலிந்த பிளேடு, காய்ந்து இறுகிய செம்மண் மேல் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். ஒரு பாறைமுனை தட்டுப்பட்டால் வளைந்துபோகும்.

ஒரே 5 அடி அகலத்தில் 150 கிலோ பாக்ஸ் பிளேடும் இருக்கிறது, 300 கிலோவும் இருக்கிறது. படத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். அதனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் எடையைக் கேளுங்கள். "நல்ல கனமா இருக்கும் தம்பி" என்பது பதில் ஆகாது. கிலோ கணக்கு வேண்டும்.

அதற்காகக் கிடைப்பதிலேயே கனமானதை வாங்கலாமா? அதுவும் கூடாது. உங்கள் டிராக்டரால் அதைத் தூக்க முடியணும். டிராக்டர் விவரக் கையேட்டில் தூக்குத்திறனுக்கு இரண்டு எண்கள் இருக்கலாம். ஒன்று தூக்குக் கையின் நுனியில், மற்றொன்று நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்தது. இரண்டாவது எண் சின்னதாக இருக்கும். கருவியின் எடை பின்னால் தள்ளித்தான் விழும் என்பதால் நமக்கு வேண்டியது அந்தச் சின்ன எண்தான். கருவியைத் தூக்கிய பிறகும் மொத்த எடையில் குறைந்தது 20 விழுக்காடு முன்சக்கரங்களில் இருக்கணும் என்பது பொதுவான கணக்கு. இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. முன்னால் எடைக்கட்டிகள் மாட்டுவது அதற்காகத்தான்.

அகலம் எவ்வளவு? பின்சக்கரங்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம்வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கருவி அதைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும், சக்கரத் தடம் அழிந்துவிடும். ரொம்ப அகலமானால் இழுக்கத் திணறும். கொக்கி ஊசிகளின் அளவையும் பார்த்துவிடுங்கள். முதல் வகை இணைப்பில் கீழ் ஊசி 22 மில்லிமீட்டர், இரண்டாம் வகையில் 28 மில்லிமீட்டர். சின்ன டிராக்டர்கள் பெரும்பாலும் முதல் வகை.

உறுதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கருவியின் அடியில் மண்ணைச் சீவும் இரும்புப் பட்டையைக் கடைக்காரர்கள் 'கட்டிங் எட்ஜ்' என்பார்கள். அது போல்ட் போட்டுக் கழற்றக்கூடியதாக இருக்கணும். தேய்ந்தால் திருப்பிப் போட்டு மறுமுனையையும் பயன்படுத்தக்கூடிய மாதிரி இன்னும் நல்லது. பட்டை இல்லாமல் வெறும் தகட்டையே மண்ணில் உரசவிடும் கருவி என்றால், தகடு தேய்ந்ததும் மொத்தக் கருவியும் வீண்.

பழைய கருவி வாங்குகிறீர்களா? ஒரு பக்கம் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தகட்டின் நீளத்துக்குப் பாருங்கள். வளைவு தெரிந்துவிடும். ஊசி போடும் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, முட்டை வடிவத்தில் இழுபட்டிருக்கின்றனவா? பற்றவைத்த இடங்களில் விரிசல் உண்டா? புதுப் பெயின்ட் பளபளத்தால் அந்த இடங்களை இன்னொரு தடவை பார்ப்பது நல்லது.

ஓட்டும்போது

காய்ந்து கிடக்கும் பாதையில் இறங்காதீர்கள், தூசிதான் பறக்கும். சேறாக இருக்கும்போதும் வேண்டாம். மழை விட்டு, பாதை ஈரப்பதமாக இருக்கும் நாள்தான் சரி. அப்போதுதான் கல்லும் மண்ணும் சேர்ந்து இறுகும். வேகம், மனிதர் நடக்கும் அளவு போதும். பாக்ஸ் பிளேடில் மேலே உள்ள டாப் லிங்கைச் சுருக்கினால் பற்கள் ஆழமாகக் கடிக்கும். நீட்டினால் பின்பட்டை வழவழப்பாக்கும். முதல் சுற்றில் சுருக்கிக் கிளறி, கடைசிச் சுற்றில் நீட்டி முடிக்கலாம்.

இன்னொன்று முக்கியம். தூக்கி நிறுத்திய கருவிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. போல்ட் முடுக்குவதென்றாலும் முதலில் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஹைட்ராலிக் குழாய் எப்போது விட்டுக்கொடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் நின்றால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை வெளுத்து வாங்கும். நடுமேட்டை அதற்கு முன்பே கட்டிவிடுவது வசதி. மாமா இரண்டாவதாக வாங்கியது 5 அடி பாக்ஸ் பிளேடு, பழையதுதான், 280 கிலோ. பட்டையை மட்டும் புதிதாக மாற்றினார். லோரி இப்போது வீட்டு வாசல்வரை வருகிறது. வளைந்த அந்தப் பழைய பிளேடு கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடக்கிறது. அதை எடைக்குப் போடவும் அவருக்கு மனமில்லை.