ஊரை வரைந்த பாட்டி

எழுபது வயதைக் கடந்த பிறகு தூரிகை எடுத்து, நூறைத் தாண்டியும் வரைந்துகொண்டிருந்தார் மோசஸ் பாட்டி.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிரீன்விச் என்ற ஊரில் 1860 செப்டம்பர் 7 அன்று ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அன்னா மேரி ராபர்ட்சன். பன்னிரண்டு வயதிலேயே அக்கம்பக்கத்துப் பண்ணை வீடுகளில் வேலைக்குப் போய்விட்டார். 1887இல் தாமஸ் மோசஸைக் கைப்பிடித்து வர்ஜீனியாவுக்குக் குடிபோனார். வெண்ணெய் கடைந்தும் உருளைக்கிழங்கு வறுவல் போட்டும் விற்றார். பெற்ற பத்துப் பிள்ளைகளில் ஐந்தைப் பச்சிளம் பருவத்திலேயே பறிகொடுத்தார். 1905இல் குடும்பம் நியூயார்க்கின் ஈகிள் பிரிட்ஜுக்குத் திரும்பியது. 1927இல் கணவர் இறந்துபோனார்.

அதற்குப் பிறகும் அவர் கை சும்மா இருக்கவில்லை. கம்பளி நூலால் துணியில் படங்கள் தைத்து உறவினர்களுக்குக் கொடுத்துவந்தார். மூட்டுவலி வந்து ஊசி பிடிக்க முடியாமல்போனதும், வரைந்து பார்க்கும்படி சகோதரி சொன்னார். வரைந்த படங்களை உள்ளூர்ச் சந்தைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். கூடவே தான் செய்த ஜாமையும் வைத்தார். பரிசு ஜாமுக்குத்தான் கிடைத்தது!

மருந்துக்கடைக் கண்ணாடி

1938இல் லூயி கால்டோர் என்ற சேகரிப்பாளர் ஹூசிக் ஃபால்ஸ் ஊர் வழியாகப் போனபோது, ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் படங்களைக் கண்டார். சில டாலர்தான் விலை. இருந்த அத்தனையையும் வாங்கிக்கொண்டு பாட்டியைத் தேடிப்போனார். 1940 அக்டோபரில் நியூயார்க் நகரத்தில் முதல் தனிக் கண்காட்சி. அடுத்த மாதம் ஒரு பெரிய பல்பொருள் அங்காடி தன் விழாவுக்கு அழைத்தது. போன பாட்டி ஓவியத்தை விட்டுவிட்டு ஜாம் செய்யும் பக்குவத்தைப் பற்றித்தான் பேசினார்.

கூடிச் செய்த வேலைகள்

முதலில் வானம், பிறகு மலை, மரங்கள், வீடுகள், கால்நடைகள், கடைசியில் மனிதர்கள் என்று மேலிருந்து கீழே வரைவது அவர் வழக்கம். டிராக்டரையும் தொலைபேசிக் கம்பத்தையும் சேர்க்கமாட்டார். ஒரு படத்தில், பனி படர்ந்த தோப்பில் மேப்பிள் மரத்துப் பால் இறக்கிப் பெரிய கொப்பரையில் பாகு காய்ச்சுகிறார்கள். பிள்ளைகள் சுற்றி ஓடுகிறார்கள். இன்னொரு படத்தில் ஆப்பிளைக் கூழாகக் கிண்டுகிறார்கள். 1950இல் வரைந்ததில், ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் பெண்கள் சூழ்ந்து உட்கார்ந்திருக்க, நீண்ட மேசையில் பந்தி தயாராகிறது. ஒரு வீட்டு வேலைக்கு ஊரே கைகொடுத்த காலத்தை அவர் வேலை வேலையாக எழுதிவைத்தார் என்றே சொல்வேன். உலகப் போரில் களைத்திருந்த மக்கள், அந்தப் படங்கள் அச்சான வாழ்த்து அட்டைகளை லட்சக்கணக்கில் வாங்கி ஒருவருக்கொருவர் அனுப்பியது சும்மா இல்லை.

1949இல் அதிபர் ட்ரூமன் கையால் விருது பெற்றார். 1960இல் அவருடைய நூறாவது பிறந்தநாளை மோசஸ் பாட்டி தினமாக அறிவித்தார் நியூயார்க் ஆளுநர். நூறு நிறைந்த பிறகும் இருபத்தைந்து படங்கள் வரைந்தார். 1961 டிசம்பர் 13 அன்று 101 வயதில் மறைந்தபோது, மொத்தப் படங்கள் 1,500ஐத் தாண்டியிருந்தன.

முதுமையில் திடீரென்று முளைத்த திறமை என்று இதைச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பாகு எந்தப் பதத்தில் இறங்கும், பந்திக்கு எத்தனை தட்டு வேண்டும், எந்த வீட்டுக்கு எப்போது ஆள் தேவை என்பதெல்லாம் அறிந்த ஒருத்தியால்தான் அப்படி வரைய முடியும். எழுபது ஆண்டுகளுக்கும் மேல் ஊரோடு சேர்ந்து உழைத்த காலம் முழுவதும் அவர் கலை பயின்றுகொண்டுதான் இருந்தார்.