மிகுகன அணுக்கருக்கள் சிதைவது எவ்வாறு?

அணு எண் 104-ம் அதற்கு மேற்பட்டனவும் மிகுகனத் தனிமங்கள் எனப்படும். ஆய்வுக்கூடத்தில் ஒரு சில அணுக்களாகவே தோன்றி விரைவில் மறையும் இவற்றை, அறிவியலார் பெரும்பாலும் அவற்றின் சிதைவைக் கொண்டே அடையாளம் காண்கின்றனர்.

இரு வழிகள்

அணுக்கருவில் புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. அணுக்கரு விசை அவற்றைப் பிணைக்கிறது. பிணைக்கும் விசை அண்டைத் துகள்களுக்கிடையே மட்டுமே செயற்படும். விலக்கு விசையோ கரு முழுவதும் பரவும். ஆகவே புரோட்டான்கள் பெருகப் பெருகக் கரு நிலைகுலைகிறது. அப்போது அது இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் கொண்ட ஆல்பாத் துகளை வெளியிடலாம். அல்லது தானாகவே இரு துண்டுகளாகப் பிளவுறலாம். இத்தன்னியல்புப் பிளவு 1940-ல் யுரேனியத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

சிதைவுச் சங்கிலி

2003-ல் ரஷ்யாவின் துப்னா நகரில், அமெரிசியம்-243 இலக்கின்மீது கால்சியம்-48 அயனிகள் மோதச் செய்யப்பட்டன. 115-ஆம் தனிமமாகிய மாஸ்கோவியத்தின் அணுக்கள் சில தோன்றின. மாஸ்கோவியம்-288 ஒரு வினாடிக்கும் குறைந்த காலத்தில் ஆல்பாத் துகளை வெளியிட்டு 113-ஆம் தனிமமாயிற்று. பின்னர் 111, 109, 107 எனப் படிப்படியாக இறங்கி, ஐந்தாம் ஆல்பாச் சிதைவில் டப்னியம்-268 ஆயிற்று. அது பல மணி நேரம் நிலைத்துப் பிளவுற்றது.

சங்கிலி முன்பே அறியப்பட்ட கருவில் முடிந்தால், அக்கருவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தாய்த் தனிமத்தை உறுதிசெய்யலாம். இச்சங்கிலி அவ்வாறு முடியவில்லை. ஆதலின் வேறு சான்றுகள் தேவைப்பட்டன. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் நடந்த சோதனையில் இதே சிதைவுகள் காணப்பட்டதாக 2013-ல் அறிவிக்கப்பட்டது. 2015 டிசம்பரில் இத்தனிமம் முறைப்படி ஏற்கப்பட்டது.

கூடுகள் தரும் வலிமை

விலக்கு விசையை மட்டும் கருதினால் இத்தகைய கருக்கள் தோன்றியவுடனே பிளவுற வேண்டும். புரோட்டான்களும் நியூட்ரான்களும் கூடுகளாக அமைவதே அவற்றுக்குச் சிறிது ஆயுள் தருகிறது. 165 நியூட்ரான்கள் கொண்ட கோப்பர்நீசியம்-277-இன் அரை ஆயுட்காலம் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. 173 நியூட்ரான்கள் கொண்ட கோப்பர்நீசியம்-285-க்கு அது ஏறத்தாழ 30 வினாடி. எட்டு நியூட்ரான்கள் கூடியதால் ஆயுள் பல்லாயிரம் மடங்கு நீண்டது.

184 நியூட்ரான்களில் அடுத்த கூடு நிறைவுறும் எனக் கோட்பாடு கூறுகிறது. இதுவரை உறுதியான மிகுகனக் கருக்களில் காணப்பட்ட நியூட்ரான்கள் 177-க்கு மேற்படவில்லை. எஞ்சிய ஏழினைச் சேர்ப்பதற்குப் போதிய நியூட்ரான் செறிவுடைய இலக்கும் எறிகருவும் தேவை. அவற்றைக் கண்டடைவதே இத்துறையின் முதன்மைச் சிக்கலாகும்.