சரசரப்பு எங்கிருந்து வருகிறது?

காஞ்சிபுரம் பக்கத்து முசரவாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்யாணப் பட்டை வீட்டிலேயே சோப்புத்தூள் போட்டு அலசினாராம். சாயம் போகவில்லை, ஜரிகை கறுக்கவில்லை. நடந்தால் கேட்கும் அந்தச் சரசரப்பு மட்டும் காணாமல் போய்விட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்கிறார். இல்லை அம்மா. அந்தச் சத்தம் பட்டுப்புழு கொடுத்ததே அல்ல, அமிலம் கொடுத்தது.

அமிலம் புளிக்கும், காரம் வழவழக்கும், 7-க்குக் கீழே அது, மேலே இது என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். பலருக்கு மறந்துபோவது, பிஎச் அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பது. 1909-இல் இந்தக் கணக்கைக் கொண்டுவந்தவர் டென்மார்க்கின் சோரன்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலைக்காரர்கள் நிறுவிய ஆய்வகத்தில் நொதிகளையும் புரதங்களையும் ஆராய்ந்தவர். கரைசலின் புளிப்பு சற்று மாறினாலும் நொதியின் வேலை மாறிவிடும். அதனால்தான் அவருக்கு இப்படியோர் அளவுகோல் தேவைப்பட்டது. பட்டும் புரதம்தான்.

கச்சாப் பட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் இதுவா பட்டு என்றிருக்கும். விறைப்பு, மங்கல். நடுவே ஃபைப்ரோயின் இழை, அதைச் சுற்றி செரிசின் என்னும் பசை. எடையில் ஏறத்தாழ கால் பங்கு பசைதான். என் தாத்தாவின் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்து நிற்கும். ஆனால் கஞ்சியைப் போல லேசில் போகாது. சோப்பும் சலவைச் சோடாவும் போட்ட சூடான நீரில், பிஎச் 10-ஐ ஒட்டி வேகவைக்க வேண்டும். பசை கரையும், இழை பிழைக்கும். அவசரப்பட்டு காஸ்டிக் சோடாவை அள்ளிப் போட்டுக் கொதிக்கவிட்டால் இழையும் கரைந்துவிடும். அதே காஸ்டிக் சோடா பருத்திக்கு மெருகேற்றும். அது செல்லுலோஸ், புரதம் அல்ல.

சாயத் தொட்டியில் எல்லாம் தலைகீழ். அங்கே அசிட்டிக் அமிலம் விட்டு பிஎச்சை 4, 5-க்குக் கொண்டுவருவார்கள். அமிலத்தில் பட்டு நேர்மின்னூட்டம் பெறும், அமிலச் சாயத்தின் மூலக்கூறு எதிர்மின்னூட்டம் கொண்டது, இரண்டும் பற்றிக்கொள்ளும். 10-லிருந்து 4-க்கு ஆறே படி, ஆனால் ஹைட்ரஜன் அயனி பத்து லட்சம் மடங்கு கூடிவிட்டது. ஒரே சிட்டம் நூல் இரண்டையும் தாங்குகிறது.

இனி எனக்குப் பிடித்த இடம். சாயமேறிய பட்டை நீர்த்த அசிட்டிக் அமிலத்திலோ டார்டாரிக் அமிலத்திலோ முக்கி, அலசாமல் உலர்த்தினால் இழையின் மேற்பரப்பு சற்றே இறுகும். இழையோடு இழை உரசும்போது வழுக்கிப் போகாமல் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும். அந்தத் தத்தளிப்புதான் காதில் சரசரவென்று விழுகிறது. சோப்பு பட்டால் இழை மறுபடி வழுக்கத் தொடங்கும், சத்தம் அடங்கும். ஆகவே, கடையில் மடிப்பைக் கசக்கிக் காதருகே வைத்துத் தரம் பார்ப்பவர்கள் பரிசோதிப்பது பட்டை அல்ல, கடைசியாக முக்கிய தொட்டியை. சத்தம் திரும்பட்டும் என்று வீட்டில் வினிகர் ஊற்றவும் வேண்டாம்; ஜரிகையில் வெள்ளியும் செம்பும் இருக்கின்றன.

துணி சோப்புத்தூள் கரைசல் பெரும்பாலும் பிஎச் 10 அளவு, அதாவது பசை நீக்கும் தொட்டிக்குச் சமம். பல ஆயிரம் கொடுத்து வாங்கிய புடவையை மறுபடி அதில் தள்ளுவானேன்? மஞ்சள் தடவிய காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், குங்குமமாகச் சிவக்கும். பாட்டிமார் பயன்படுத்திய பூந்திக்கொட்டை நீர் லேசான அமிலம். அதில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும்.

புடவைக்கே இவ்வளவு கரிசனம் என்றால், கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் தோலின் பிஎச் 5-ஐ ஒட்டியது. நான் போயிருந்த பட்டறையில் ஒருவர் சோடாத் தண்ணீரை விரலிடையே தேய்த்து, வழவழப்பை வைத்தே பதம் சொன்னார். அந்த வழவழப்பு, அவர் தோலின் கொழுப்பு சோப்பாக மாறுவதுதான். கையுறையும் பிஎச் காகிதமும் பெரிய செலவில்லை. வாங்கித் தரத்தான் முதலாளிகளுக்கு மனம் வருவதில்லை. கழிவுநீர்க் கதையும் இப்படித்தான். காரத் தொட்டி நீரையும் அமிலத் தொட்டி நீரையும் சரியான அளவில் கலந்தால் காகிதம் 7 காட்டும். சாயம் அதில் அப்படியே இருக்கும். பிஎச் காகிதத்துக்கு அது தெரியாது.