ஆய்வுக்கூடத்தில் நீங்கள் யார்?

கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, செர்டாங்கிலோ யூகேஎம் நிலையத்திலோ இறங்கும் அறிவியல் மாணவரை யாரும் ஊழியர் என்று சொல்வதில்லை. ஆனால் ஆய்வுவழியில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிப்பவர், இருட்டிய பிறகும் அமிலத்தோடும் கரைப்பானோடும் நிற்கிறார். செய்வது ஊழியரின் வேலை. பெயர் மட்டும் மாணவர். புதிய பருவம் தொடங்குமுன் இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளுங்கள்.

2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், காற்று பட்டாலே தீப்பற்றும் வேதிப்பொருளை ஊசிக்குழலில் எடுத்தார் 23 வயது ஷெஹர்பானோ சாங்ஜி. ஆய்வு அங்கி அணியவில்லை. மேலே செயற்கை இழை உடை. தீக்காயத்தால் 18 நாள் கழித்து இறந்தார். அவர் மாணவர் அல்ல, சம்பளம் வாங்கும் ஆய்வு உதவியாளர். அதனால் மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை விசாரித்தது. பேராசிரியர் மீதும் பல்கலைக்கழகம் மீதும் குற்றவியல் வழக்கு வந்தது.

மலேசியாவில் மாணவருக்கு என்ன காப்பு? 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, தன்னிடம் வேலை செய்யாதவர்களையும் ஆபத்துக்கு உள்ளாக்கக் கூடாது என்று முதலாளியைக் கட்டுப்படுத்துகிறது. பல்கலைக்கழகமும் முதலாளிதான். 2024 ஜூன் முதல் அமலில் உள்ள திருத்தத்தின்படி, மீறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம். ஆனால் வேலை ஒப்பந்தம் இல்லாத மாணவருக்கு, ஊழியருக்குரிய சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விபத்துக் காப்பு கிடையாது. உதவித்தொகை சம்பளம் ஆகிவிடாது.

முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள்:

• அடிபட்டால் செலவை எந்தக் காப்புறுதி ஏற்கும்? வரம்பு எவ்வளவு?
• நீங்கள் தொடப்போகும் ஒவ்வொரு வேதிப்பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாள் எங்கே?
• நச்சுவாயுவை உறிஞ்சும் பெட்டி கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது?
• ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருந்தால், கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா?
• இரவில் தனியாக வேலை செய்ய அனுமதி உண்டா?

பதில் சரியில்லை என்றால் துறையின் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். அங்கும் அசையவில்லை என்றால் அரசின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷில் புகார் செய்யலாம்.

ஆபத்து குடுவையில் மட்டும் இல்லை. கையெழுத்துக்காக மேற்பார்வையாளரை நம்பியிருப்பவர் தொல்லையை விழுங்கிக்கொள்வது உண்டு. வேலைச் சட்டத்தில் உள்ள பாலியல் தொல்லைப் புகார் முறை ஊழியருக்கானது. மாணவர் விடுபட்ட இடைவெளியை அடைக்க வந்தது 2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம். அதன்கீழ் அமைந்த நடுவர் மன்றம் 2024 மார்ச் 8 முதல் புகார்களை ஏற்கிறது. ஆண், பெண் இருவரும் போகலாம். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு பெற இடமுண்டு.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, படிப்புக்காகப் பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு அறை எடுப்பவருக்கும் ஒரு வார்த்தை. இரண்டு மாத வைப்புத்தொகையைக் கொடுக்கும்போதே ரசீதும், முத்திரை வரி கட்டிய ஒப்பந்தமும் வாங்குங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. சாவியைக் கொடுத்த பிறகும் பணம் வராவிட்டால், 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறையில் நீங்களே தாக்கல் செய்யலாம்.

டோஷோ நடுவர் மன்றமோ நீதிமன்றமோ, எங்கே போனாலும் முதலில் கேட்பது தேதியும் ஆதாரமும்தான். ஆகவே மேற்பார்வையாளரிடமோ வீட்டுக்காரரிடமோ வாயால் பேசி முடித்ததை, அன்று இரவே மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். 'இன்று பேசியபடி' என்று தொடங்கும் இரண்டு வரி போதும்.