உஷார்! அந்த பாட்டிலில் என்ன இருக்கிறது?

செண்பகத்தோப்பில் பளியர் ஒருவருக்குக் கழுத்தில் நெறி கட்டி, மூன்று வாரமாகியும் வற்றவில்லை என்று வையுங்கள். மலையடிவாரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து மதுரை. கட்டியிலிருந்து சதை எடுத்தாயிற்று. கூடப் போனவர் கையில் ஒரு பாட்டிலைத் தந்து, “லேப்ல கொடுத்துட்டு வாங்க” என்கிறார்கள். திறந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி.

நில்லுங்கள்! அது ஃபார்மலின். எடுத்த சதை மொத்தமும் அதில் விழுந்துவிட்டால், உள்ளே காசநோய்க் கிருமி இருந்தால் அது செத்துப்போகும், கல்ச்சரில் வளராது. அதன் மரபணுவும் நைந்து துண்டு துண்டாகும். அப்புறம் ஆயிரக்கணக்கில் கொட்டி மரபணு வரிசையைப் படிக்கச் சொன்னாலும், கறையான் அரித்த பத்திரத்தைப் படிக்கிற கதைதான். ‘கிருமி இல்லை’ என்று வரும் ரிப்போர்ட்டை நம்பி ஊர் திரும்புகிறவரை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. மறுபடி கத்தி வைக்க வேண்டுமென்றால், காட்டை நம்பிப் பிழைக்கும் பளியர் குடும்பத்துக்கு இன்னும் எத்தனை நாள் கூலி போகும்!

ஃபார்மலினே வேண்டாம் என்று சொல்லவில்லை. புற்றுநோயா, வேறு கட்டியா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஒரு துண்டு அதில் போகணும். இன்னொரு துண்டு சலைனில் போகணும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் இரண்டுக்கும் அதுதான். அரசு மருத்துவமனையில் சிபிநாட் இலவசம். அதில் ‘இல்லை’ என்று வந்தாலும் டி.பி. இல்லை என்று முடிவுகட்ட முடியாது. சதையில் கிருமி குறைவாகவே இருக்கும்.

‘இருக்கிறது’ என்று வந்தாலும் நிதானம் தேவை. ஹங்கேரியில் வாட்ஸ் என்ற ஊர்த் தேவாலயத்தில் கிடைத்த, 1797-ல் இறந்த ஒரு பெண்ணின் பதப்பட்ட உடலில் நுரையீரல் சதையை எடுத்து வரிசை படித்தார்கள். காசநோய்க் கிருமியின் மரபணு வந்தது! 2013-ல் வெளியான ஆய்வு இது. செத்த கிருமியும் தடயம் விட்டுப் போகும். ஆகவே முன்பே டி.பி.க்கு மாத்திரை சாப்பிட்டவர், அதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது.

மரபணு வரிசையை முதல் பரிசோதனையாக யாராவது விற்க வந்தாலும் உஷார். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் அதைப் பரிந்துரைத்தது, எந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்று கண்டுபிடிக்கத்தான்.

சதை எடுக்கும் நாளில், ஆபரேஷன் அறைக்குள் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: “டாக்டர், ஒரு துண்டை சலைன்ல போடுவீங்கள்ல?”