பழைய டீசல் லாரிகளில் எண்ணெய் வரத்துத் தடையும் அதனை அறியும் முறையும்

மணலி உரத் தொழிற்சாலையில் யூரியா ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் - பொன்னேரிச் சாலை வழியே கிராமம் திரும்பும் பழைய லாரி ஒன்று பாதி வழியில் நின்றுவிடுமாயின், உடையவருக்கு உண்டாகும் நஷ்டம் அன்றைய வாடகையோடு போவதன்று. மேலுரம் இடவேண்டிய பருவம் தப்பிவிடும்; மழை பிடித்துக்கொண்டால் மூட்டையும் கரைந்துபோகும். இவ்வித நிறுத்தங்களில் அநேகம் எஞ்சினுக்கு டீசல் சரிவரச் செல்லாமையால் நேருகின்றன. ஆயினும் கடைசியில் தொடவேண்டிய இன்ஜெக்ஷன் பம்பிலேயே பலரும் முதலில் கை வைக்கின்றனர். பணம் விரயமாவது இதனால்தான்.

எண்ணூரில் 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி, 1955-ல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிற்று. அங்கிருந்து வெளிவந்த காமெட் முதலிய பழைய வகை லாரிகளில் எண்ணெய் செல்லும் வழி எளியது. டாங்கியிலுள்ள டீசலை பீட் பம்பு உறிஞ்சி இழுத்து, பில்டர்களின் வழியே இன்ஜெக்ஷன் பம்புக்குத் தள்ளும். அது ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய அளவை, காற்றமுக்கத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் நாசிலுக்கு அனுப்பும்.

இவ்வழியில் பீட் பம்பே எல்லைக் கல்லாகும். அதற்குப் பின்னுள்ள குழாயில் சிறு பிளவு நேர்ந்தால் டீசல் வெளியே சொட்டும்; கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன், டாங்கியின் பக்கமாய்ப் பிளவு நேர்ந்தாலோ, எஞ்சின் ஓடுகையில் டீசல் வெளியே வாராது. காற்றே உள்ளே புகும். குழாய் உலர்ந்து சுத்தமாய்த் தோன்றும். ஆகவே “எங்கும் ஒழுகவில்லை” என்று சாரதி கூறுவது குற்றமின்மைக்குச் சாட்சியாகாது. காலையில் நெடுநேரம் ஸ்டார்ட்டர் சுற்றிய பின்னரே உயிர்பெற்று, சற்று ஓடித் திணறி அணையும் லாரியில் காற்றுப் புகுந்திருத்தலையே முதலில் சந்தேகிக்கவேண்டும்.

எனினும் ஸ்பானர் எடுக்குமுன் பார்க்கவேண்டியவை சில உண்டு. எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கம்பி இழுத்தபடியே சிக்கியிருக்கிறதா என்று நோக்குக. பின்பு டாங்கி மூடியைத் தளர்த்துக. காற்று உஸ்ஸென்று உள்ளே பாய்ந்து, அதன்பின் வண்டி நன்றாய் ஓடினால், மூடியிலுள்ள சிறு துவாரம் அடைபட்டதே குற்றம். ஓர் ஊசியால் தீரும் காரியத்திற்கு பம்பைக் கழற்றியவர்களும் உண்டு. ஸ்டார்ட்டர் சுற்றும்போது புகைக்குழாயில் சிறிதும் புகை காணாவிடில், டீசல் சிலிண்டரை எட்டவில்லை எனக் கொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். கடற்கரையை ஒட்டிய இப்பகுதியில் காற்றின் ஈரம் அதிகம். இரவு முழுதும் பாதி டாங்கியோடு நிற்கும் வண்டியில் அவ்வீரம் உட்சுவரில் வியர்த்து அடியில் சேரும். துருவும் உடன் உண்டாகும். டாங்கியின் அடித் திருகையும் பில்டரின் அடித் திருகையும் திறந்து சிறிது டீசலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து அசையாது வைத்தால், தண்ணீர் கீழே தங்கித் தெரியும். மாலையிலேயே டாங்கியை நிரப்பி வைப்பது இதற்குச் சிக்கனமான காப்பு.

காற்றைச் சோதிக்க, பில்டர் தலையிலுள்ள ஏர் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்கவேண்டும். முதலில் நுரை வந்து பின் தெளிந்த டீசல் வருமாயின், திருகை இறுக்கி ஓட்டிப் பார்க்கலாம். எத்தனை முறை அடித்தும் நுரை நில்லாவிடில், சுத்தமான டீசல் நிரம்பிய தகரத்தைச் சற்று உயரத்தில் வைத்து, தனி ரப்பர் குழாயால் பீட் பம்போடு இணைத்து ஓட்டுக. எஞ்சின் குணமானால் குற்றம் டாங்கி, அதன் சல்லடை, உறிஞ்சு குழாய் ஆகியவற்றுள் அடங்கும். குணமாகாவிடில் பீட் பம்பிலோ அதற்கு அப்பாலோ தேடுக. கால் மணி நேரச் சோதனையில் பாதி வழி ஐயமற்று நீங்கிவிடுகிறது. பிரித்த மூட்டுகளில் பழைய செம்பு வாசரையே மீண்டும் இடுவது வீண் சிக்கனம்.

வெறுமையாய் நன்றாய் ஓடிப் பாரத்தோடு பாலம் ஏறுகையில் மட்டும் இழுவை குறைந்தால் பில்டரை மாற்றுக. மாற்றியும் ஒரே சீராய் ஓடாவிடில், எஞ்சின் மெதுவாய் ஓடுகையில் நாசில் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாய்ச் சற்றே தளர்த்தி இறுக்கவேண்டும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டரின் நாசிலைச் சோதனைக்கு அனுப்பலாம். நட்டைத் தடித்த துணியால் மூடிக்கொள்ளுதல் அவசியம். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். காயம் அற்பமாய்த் தோன்றினும் உடனே ஆஸ்பத்திரி செல்லவேண்டும். கணிப்பொறியால் இயங்கும் காமன் ரெயில் லாரிகளில் அழுத்தம் பல மடங்கு அதிகமாதலால் இச்சோதனையை ஒருபோதும் செய்யலாகாது.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் டீசலில் கெந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படுவதில்லை. கெந்தகம் நீக்குகையில் குறையும் வழவழப்பை ஈடுசெய்ய வேறு சரக்குச் சேர்த்தே அது வருகிறது. ஆகவே பம்புக்கு அதனால் கேடு என்பது சரியன்று. ஆனால் பழைய ரப்பர் வளையங்கள் சுருங்கிக் கசிவதுண்டு, அவற்றை மாற்றிவிடலாம். மண்ணெண்ணெய் கலப்பதே பம்பைத் தேய்க்கும், சட்டப்படியும் குற்றம். அவ்வாறு தேய்ந்த பம்பைச் சாலையோரத்தில் திறக்காமல், அளவு பார்க்கும் சோதனை மேடையுள்ள பட்டறைக்கே கொண்டுசெல்க.