அழுத்திப் பிடிக்க முடியாதவரும் கேம் ஆடலாம்

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் வீட்டில் பிள்ளைகள் முதலில் தேடுவது கேம்ஸ் தான். என் அக்கா மகனும் மைன்கிராஃப்ட் கேமுடன் உட்கார்ந்தான். அவனுக்கு வலது கை நன்றாக இயங்கும். இடது கையால் ஒரு கீயைத் தட்ட முடியும். அழுத்திப் பிடித்திருக்க முடியாது. இந்தக் கேமில் முன்னே நடக்க டபிள்யூ கீயை விடாமல் அழுத்த வேண்டும். பள்ளத்தின் ஓரத்தில் விழாமல் நிற்க ஷிப்ட் கீயையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான்கு முறை விழுந்த பின், "நீயே ஆடு மாமா" என்று எழுந்துவிட்டான்.

கேம் என்றால் இரண்டு கையும் வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் வழி அந்தக் கேமிலேயே இருந்தது. இதன் ஜாவா எடிஷனில் ஆப்ஷன்ஸ் சென்று, கண்ட்ரோல்ஸ் என்பதில் கிளிக் செய்திடவும். ஸ்னீக் என்பதற்கு எதிரே ஹோல்டு என்று இருக்கும். அதை டாகிள் என மாற்றினால் ஷிப்ட் கீயை ஒருமுறை தட்டினால் போதும். மறுபடி தட்டும் வரை அது அழுத்தப்பட்டதாகவே கேம் எடுத்துக் கொள்ளும். 2019ல் வந்த 1.15 பதிப்பிலிருந்து இந்த வசதி உள்ளது. அங்கேயே ஆட்டோ ஜம்ப் ஆன் செய்தால், மேடு ஏற ஸ்பேஸ் பார் தட்ட வேண்டியதில்லை. அடுத்து கீ பைண்ட்ஸ். ஒவ்வொரு செயலுக்கும் வேறு கீயை, ஏன் மவுஸ் பட்டனைக் கூட இதில் தரலாம். பக்கவாட்டில் பட்டன் உள்ள மவுஸ் ஒன்று வாங்கி, முன்னே நடப்பதைக் கட்டை விரல் பட்டனுக்கு மாற்றினேன். பையன் மறுபடி உட்கார்ந்தான்.

இதில் ஒரு வேடிக்கை. ஷிப்ட் கீயை அடுத்தடுத்து ஐந்து முறை தட்டியதும், ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று விண்டோஸ் குறுக்கே வந்து கேட்டது. மாற்றுத்திறனாளிகளுக்காகவே தரப்பட்ட வசதி இது! ஷிப்ட், கண்ட்ரோல் கீகளை மற்ற கீகளுடன் சேர்த்து அழுத்தாமல், ஒன்றன் பின் ஒன்றாகத் தட்ட உதவும். டைப் செய்ய அருமை, கேமில் தொல்லை. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிடி, கீபோர்டு, ஸ்டிக்கி கீஸ் எனச் சென்று, அதன் கீபோர்டு ஷார்ட்கட்டை மட்டும் ஆஃப் செய்தேன்.

காது கேளாதவர்கள் இதே மைன்கிராஃப்டில் சப்டைட்டில்ஸ் ஆன் செய்து கொள்ளலாம். காலடி ஓசை கூட எழுத்தில் வரும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அம்புக்குறியும் காட்டும்.

எல்லாக் கேம்களும் இப்படி இல்லை. 2020ல் வெளியான தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 கேமில் இத்தகைய செட்டிங்குகள் 60க்கும் மேல். கீயை மாற்றவே விடாத கேம்களும் உண்டு. இதைச் சோம்பல் என்றே சொல்வேன். ஸ்டீம் தளத்தில் கேம் வாங்கினால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனவே இன்ஸ்டால் செய்தவுடன் ஆடத் தொடங்காமல், முதலில் கண்ட்ரோல்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.